பேத்திக்குக் கட்டிய படிப்பறை

எனக்கு எழுபத்தாறு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஒருவரும் படிக்கத் தனி அறை கேட்டதில்லை. அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கவென்று பேத்தி கேட்டாள். மகன் மாடியில் கட்டிக் கொடுத்தான். ஜன்னலோரம் மேசை போட்டாள். வெளியே தெரியும் கோட்டை மலையைப் பார்த்தே பொழுது போகிறதென்று சுவர்ப்பக்கம் திருப்பினாள். சுவரின் மஞ்சள் கண்ணை உறுத்தியதாம், பச்சை அடித்தார்கள்.

"இன்னாடி, இப்பவாச்சும் உக்காருவியா?" என்றேன்.

"இரு ஆயா, என் குணத்துக்கு ஏத்த லைட்டு இன்னும் வரல."

லைட்டும் வந்தது. அடுத்த வாரம் பரீட்சை. அவளோ கீழே உட்கார்ந்து போனில் நாற்காலி தேடுகிறாள். அறை சும்மா கிடக்கிறதே என்று நான் மாடியேறிப் போய் உட்கார்ந்தேன். எழுத்துக் கூட்டி இதை எழுதியும் விட்டேன். என் குணத்துக்கு எல்லாம் ஒத்துவந்தது.

"ஏய், மேல வாடி! நான் எழுதினத படிச்சுக் காட்டு. இந்த ரூமுல நீ படிக்கறத ஒரு தடவயாச்சும் நான் பாக்கணும்."