ஆமைப் படகு போன காலை

பதினொரு வயது வரைக்கும், விடுமுறை என்றால் மற்றவர்கள் வீட்டுக் கம்பளத்தில் படுப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். லண்டனில் பெரியம்மா வீட்டுக் கம்பளம், பாரிசில் சித்தப்பா வீட்டுக் கம்பளம், ஒருமுறை ரொறன்ரோவில், எந்த வழியில் சொந்தம் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடாத ஒரு மாமா வீட்டுக் கம்பளம். போவதற்குக் காரணம் ஒரு கலியாணமாக இருக்கும், இல்லாவிட்டால் வயதுக்கு வந்த யாரோ ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்காக இருக்கும். ஆண்கள் கூடத்தில் வரிசையாகப் படுப்பார்கள். பெண்களும் பிள்ளைகளும் அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு படுப்போம். அம்மா அங்கேயும் யாருடைய குசினியிலோ விடியும்வரை வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். டென்மார்க்கில் எங்கள் ஊரான எஸ்பியர்க்குக்குத் திரும்பும்போது போனதைவிடக் களைத்துப்போய்த்தான் வந்து சேருவோம்.

வீட்டிலும் களைப்புக்கு ஒரு குறைவும் இல்லை. அப்பாவுக்கு மீன் தொழிற்சாலையில் வேலை. விடியற்காலை ஐந்து மணிக்குச் சைக்கிளை எடுத்தால் பின்னேரம்தான் வருவார். வந்து, சாப்பிட்டு, நாங்கள் சொல்கிற பள்ளிக்கூடப் புதினங்களுக்குத் தலையாட்டிவிட்டு, இரவு எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவார். சனி ஞாயிறில் அதே நேரத்துக்கு எழும்பிப் பேப்பர் போடப் போவார். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. ஒன்பது மணி பஸ்ஸில் போனால் காலையில் நாங்கள் பள்ளிக்குக் கிளம்பும்போது வந்து, திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு படுப்பார். வேலையில்லாத இரவுகளிலும் உடம்பு கேட்காது. குசினியில் உட்கார்ந்து உடுப்பு மடித்துக்கொண்டிருப்பார். எங்களைப் பார்க்க எந்த நேரமும் ஒருவர் வேண்டும் என்று இரண்டு பேரும் யோசித்துப் போட்டுக்கொண்ட ஒழுங்கு அது. இடையில் விழுகிற காலை நேரத்துக்கு என்னைவிட நாலு வயது மூத்த அக்கா பொறுப்பு. தாயும் தகப்பனும் முறைவைத்து நித்திரை கொள்கிறவர்கள், எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்பது என் எண்ணம்.

இந்த வீட்டுக்குள் கரிபியன் தீவு ஒன்று எப்படி வந்து சேர்ந்தது என்றால், அக்காவின் சரித்திரப் பாடத்தால். டென்மார்க் ஒரு காலத்தில் அங்கே மூன்று தீவுகளை வைத்திருந்து, அடிமைகளைக் கரும்புத் தோட்டத்தில் போட்டு வருத்தி, கடைசியில் தீவுகளை அமெரிக்காவுக்கு விற்றுவிட்டது என்று பள்ளியில் படிப்பித்திருந்தார்கள். அதில் ஒரு தீவுக்கு நாங்கள் போகவேண்டும் என்று அக்கா ஒரு வருடமாக அரித்தெடுத்தாள். அப்பா ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப அங்கை டேனிஷ் கதைப்பினமோ?"

அப்பாவுக்கு டேனிஷ் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலம் என்றால் உதறல். அக்காவுக்குப் போகவேண்டும் என்ற ஆசை. ஓம், கொஞ்சம் கதைப்பினம் என்று கூசாமல் சொல்லிவிட்டாள். பெப்ரவரியில், வருடத்தின் ஏழாவது கிழமையில் வருகிற பள்ளி விடுமுறைக்குப் பயணம் முடிவானது. லண்டன் பெரியம்மா தொலைபேசியில் விடுத்து விடுத்துக் கேட்டார், அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று. ஒருவரும் இல்லை என்று அம்மா சொன்னதை அவர் கடைசிவரை நம்பவில்லை.

நான் நூலகத்தில் அந்தத் தீவைப் பற்றி ஒரு படப் புத்தகம் எடுத்து வந்தேன். மஞ்சள் நிறக் கோட்டை, கரும்பாலைகளின் இடிந்த கோபுரங்கள், எப்போதும் மழை பெய்கிற காடு எல்லாம் அதில் இருந்தன. எனக்கு வேண்டியது கடலாமை மட்டும்தான். படகில் கூட்டிப்போவார்கள். முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலில் மிதந்தால் ஆமை காலுக்குக் கீழே நீந்திப் போகும். எங்கள் வகுப்பில் தாய்லாந்துக்கும் எகிப்துக்கும் போய் வந்த பிள்ளைகள் இருந்தார்கள். ஆமையோடு நீந்தியவர் ஒருவரும் இல்லை.

போய் இறங்கியதும் ஹோட்டல் வரவேற்பு மேசையில் இருந்த வயதான மனிதரிடம் அப்பா நீட்டி முழக்கி டேனிஷில் வணக்கம் சொன்னார். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, டேனிஷ்காரர்கள் தன் தகப்பன் பிறக்க முன்பே போய்விட்டார்கள், தெருப் பெயர்களை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா கூரையைப் பார்த்தாள்.

பார்க்கவேண்டியதை எல்லாம் பார்க்கத்தான் வெளிக்கிட்டோம். கோட்டை வாசற்படியில் அப்பா உட்கார்ந்தவர் எழும்பவில்லை. நாங்கள் உள்ளே போய்ப் பீரங்கிகளைத் தொட்டுவிட்டு வந்தபோது, அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, முடிஞ்சுதோ என்று கேட்டார். கரும்பாலைக் கோபுரங்களை டாக்சி ஜன்னலால் பார்த்தோம். மழைக்காட்டில் மழை பெய்தது என்று திரும்பி வந்தோம். கடற்கரையில் ஒருவர் கடவுச்சீட்டுப் பையைக் காவல் காக்க, மற்றவர் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தார். பிறகு ஆள் மாறினார்கள். இரவில் அம்மா பழக்கதோஷத்தில் பால்கனியில் கொட்டக் கொட்ட விழித்திருந்தார். அம்மா உள்ளே வர, அப்பா எழும்பிக் கடற்கரையில் நடக்கப் போவார். காலையில் அறை துப்புரவாக்குகிற பெண் வருவதற்கு முன்பே அம்மா கட்டில்களை விரித்து, குளியலறையையும் தேய்த்துக் கழுவி வைத்திருப்பார். இதென்னம்மா, அதுக்குத்தானே ஆள் இருக்கு என்று அக்கா சினந்தாள்.

"அவவுக்கும் என்னைப் போலைதானே இடுப்பு நோகும்" என்றார் அம்மா.

எனக்கு ஆத்திரமாக வந்தது. நித்திரை கொள்ளவும் குளியலறை கழுவவும் இவ்வளவு தூரம் பறந்து வரவேண்டுமா, எஸ்பியர்க்கிலேயே இருந்திருக்கலாமே. அன்று பின்னேரம் அழுது அடம்பிடித்து ஆமைப் படகில் இடம் பிடிக்க வைத்தேன். காலை ஒன்பது மணிக்குப் படகு. நாளைக்குக் கட்டாயம் பிள்ளை என்று அப்பா என் தலையில் கை வைத்துச் சொன்னார். இரவு கடற்கரைக் கடையில் அப்பாவும் அம்மாவும் முழு மீன் பொரியல் சாப்பிட்டார்கள். நானும் அக்காவும் கோழியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம்.

காலையில் நீச்சலுடுப்பும் முகக் கண்ணாடியுமாகத் தயாராகி நின்றேன். அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். எங்கள் அறைக்கும் பெற்றோரின் அறைக்கும் நடுவில் ஒரு கதவு. தட்டினேன், சத்தமில்லை. திறந்து பார்த்தேன். இரண்டு பேரும் கட்டிலில் கிடந்தார்கள். அப்பா மல்லாக்க, வாய் திறந்தபடி. அம்மா அவர் பக்கம் சரிந்து, ஒரு கை அவருடைய நெஞ்சில் கிடந்தது. அப்பா, அம்மா என்று கூப்பிட்டேன். அப்பாவின் காலைப் பிடித்து ஆட்டினேன். அசையவில்லை. ஒரு கரண்டி விழுந்தால் மூன்று கதவு தாண்டி எழும்பி வருகிற அம்மாவும் அசையவில்லை. அவருடைய தொண்டையிலிருந்து மட்டும் நான் ஒருநாளும் கேட்டிராத ஒரு கரகரப்பு, நின்று நின்று வந்தது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்மூடிக் கிடந்ததை நான் அதுவரை பார்த்ததே இல்லை. எனக்கு அது நித்திரையாகவே படவில்லை. அங்குள்ள சில மீன்களில் நஞ்சு இருக்கும் என்று என் புத்தகத்தில் எழுதியிருந்தது. மீன் சாப்பிட்டவர்கள் அவர்கள் இருவரும்தான். குளியலறைக் கதவில் அடித்து அக்காவைக் கூப்பிடக்கூடத் தோன்றவில்லை. வெறுங்காலோடு படியிறங்கி ஓடினேன். என் அப்பாவும் அம்மாவும் சாகப்போகிறார்கள் என்று வரவேற்பு மேசை மனிதரிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அழுதேன்.

அவர் தன் வயதையும் பாராமல் படியேறி என் பின்னால் ஓடிவந்தார். கதவடியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே என் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார்.

"மகளே, இது நித்திரைதான். நல்ல நித்திரை. விடு, கொள்ளட்டும்."

தொந்தரவு செய்யவேண்டாம் என்ற அட்டையை வெளிக்கதவுக் கைபிடியில் தானே மாட்டிவிட்டுப் போனார். நிம்மதி வந்ததோ இல்லையோ, உடனே ஆமையின் நினைவு வந்துவிட்டது. எழுப்பப் போனேன். ஈரத் தலையோடு வந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு கிள்ளியும் விடவில்லை. பால்கனியிலிருந்து நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, படகு எங்கள் நாலு இடத்தையும் வெறுமையாக வைத்துக்கொண்டு போனது. அன்றைக்கு அக்காவை நான் வெறுத்த அளவு வேறு யாரையும் வெறுத்ததில்லை.

மத்தியானம் ஆனபிறகுதான் உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. நான் கதவைத் தள்ளிக்கொண்டு போய், ஆமை போச்சு, எல்லாம் போச்சு என்று ஒப்பாரி வைத்தேன். ஹோட்டல் மனிதரைக் கூட்டி வந்ததையும் சொன்னேன். அம்மாவுக்கு ஆமை ஒரு பொருட்டே இல்லை. அந்நிய ஆம்பிளை ஒருவர் தான் படுத்துக் கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டாரே என்று போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். அப்பா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். தான் ஒரு மணித்தியாலம் முன்பே விழித்துவிட்டதாகவும், எழும்ப மனம் வராமல் அப்படியே கிடந்ததாகவும் சொன்னார். பிறகு, என்னிடம் சொல்வதுபோல அம்மாவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இவ்வளவு காலம் குடும்பம் நடத்தியிருக்கிறன் பிள்ளை. கொம்மா குறட்டை விடுவா எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

"நீங்கள் மட்டும் என்னவாம்? நித்திரையிலை நறநறவெண்டு பல்லு நெருமுறீங்கள்" என்றார் அம்மா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மாவின் கண் கலங்கியிருந்தது. நான் ஆமைக்கு அழுதுகொண்டிருக்க இவர்களுக்கு என்ன பகிடி வேண்டிக்கிடக்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா என்னை வெளியே இழுத்து, கதவைச் சாத்தினாள்.

ஆமை பார்க்காமலேயே டென்மார்க்குக்குத் திரும்பினோம். திங்கட்கிழமை எல்லாம் பழையபடி ஆனது. அப்பா எட்டு மணிக்கே படுத்துவிட்டார். அம்மா சாப்பாட்டுப் பெட்டியைப் பையில் வைத்து, குளிர்ச்சட்டையைப் பூட்டி, சப்பாத்தும் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவர், அப்படியே திரும்பி உள்ளே வந்தார். வீட்டுக்குள் சப்பாத்தோடு நடந்தால் முதல் ஆளாக ஏசுகிறவர் அவர். படுக்கையறைக் கதவைச் சத்தமில்லாமல் கொஞ்சம் திறந்து, அப்பா நித்திரை கொள்கிற அந்த இருட்டுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

எதையோ மறந்துவிட்டார் என்று நினைத்தேன். எதை விட்டிட்டுப் போறீங்கள் என்று டேனிஷில் கேட்டேன். ஒன்றுமில்லை என்று கையால் காட்டினார். ஆனால் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. பஸ் போகப்போகிறதே என்று எனக்குப் பொறுமை இல்லை. நான்தான் அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வாசலில் விட்டேன்.