அரைக் கட்டை இறக்கம்

பேய்ப் படம் ஓடும்போது தியேட்டரில் குறட்டை விட்ட ஆள் நான். மானம் போன கதையை என் மனைவியைக் கேட்டால் சொல்வாள். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன். இது நடந்தது. பாதி என் கண்ணெதிரே நடந்தது, மீதி என் மச்சான் சொன்னது. அவருக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் வியாபாரத்தில் என்றைக்கோ முன்னேறியிருப்பார்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பழைய எலக்ட்ரிக் கிடார்களை வாங்கி, பழுது பார்த்து, பேண்டுகளில் வாசிப்பவர்களுக்கு விற்பவர். வீட்டின் முன்னறைதான் கடை. பின்பக்கம் அவரும் கடைசித் தங்கையும் குடியிருந்தார்கள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் சில்வண்டு. பல் தேய்க்கும்போதுகூடப் பாட்டுதான். ஒரு பேண்டில் அவள்தான் பாடகி. முதல் ஆல்பத்துக்கு ஒலிப்பதிவு தேதியும் குறித்தாகிவிட்டது. தாய் தகப்பன் இல்லாத பெண். அவள் குரலைத் தவிர அந்த வீட்டில் பெருமைப்பட வேறொன்றும் இல்லை என்று மச்சானே சொல்வார்.

ஒரு மதியம் ஒருவர் கருஞ்சிவப்புக் கிடார் ஒன்றைக் கொண்டுவந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். கண்கள் மட்டும் பல நாள் தூங்காத கண்கள். மச்சான் சொன்ன முதல் விலைக்கே தலையாட்டினார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

“உங்க வீட்ல பாடறவங்க யாராவது இருக்காங்களா?”

“என் தங்கச்சி பாடுவா. ஏன் சார்?”

அவர் முகம் செத்துப்போயிற்று. விடுவிடுவென்று நடந்துவிட்டார்.

மச்சான் சுருதி பார்த்தார். ஆறு கம்பிகளும் அரைக் கட்டை இறங்கியிருந்தன. அதில் அதிசயம் எதுவுமில்லை. பாடுகிறவருக்கு மேல் சுருதி எட்டாவிட்டால் கிடாரையெல்லாம் அரைக் கட்டை இறக்கிக்கொள்வது பேண்டுகளில் வழக்கம்தான். அவர் ஏற்றி வைத்தார். மறுநாள் காலை மறுபடி அரைக் கட்டை இறங்கியிருந்தது.

பழைய கிடாரில் கம்பி தளரும். ஆனால் ஒன்று அதிகம் தளரும், ஒன்று குறைவாகத் தளரும். ஆறும் பேசி வைத்துக்கொண்டு தளராது. ஏற்றினார், இறங்கியது. கம்பியை முறுக்கும் கீகளையே மாற்றினார். அப்போதும் இறங்கியது. கடைசியில் ஒவ்வொரு கீயின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு கோடு போட்டார். கடையைப் பூட்டினார். சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தார்.

காலையில் பார்த்தால்… ஆறு கோடுகளும் விலகியிருந்தன.

கம்பி தளரவில்லை. கீயை யாரோ திருப்பியிருக்கிறார்கள்.

அன்று சில்வண்டு ஒத்திகையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள்.

“மேல போனா குரல் பிசிறடிக்குதுண்ணா. எனக்காக எல்லாரும் அரைக் கட்டை இறக்கிக்கிட்டாங்க.”

தொண்டையில் ஒன்றுமே இல்லை என்றார் டாக்டர். அடுத்த வாரம் கிடார் ஒரு கட்டை இறங்கியது. இரண்டு நாளில் சில்வண்டும் ஒரு கட்டை இறங்கினாள். பிறகு ஒன்றரை. கிடார் முன்னால் போனது, குரல் அதன் பின்னாலேயே போனது. மச்சான் எனக்குப் போன் செய்தார்.

“மாப்ள, ஞாயித்துக்கிழமை வாங்க. எனக்குத்தான் பைத்தியம் பிடிச்சிருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க.”

சில்வண்டை எங்கள் வீட்டில் என் மனைவியிடம் விட்டுவிட்டுப் போனேன். கிடார் நடு அறையில் ஸ்டாண்டில் நின்றது. ஒயர் எதுவும் செருகவில்லை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஸ்டூலில். வெளியே யாரோ வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். மதியம் மணி 2:40.

டங்…

மச்சானைப் பார்த்தேன். அவர் கைகள் மடியில் இருந்தன.

கிர்ர்ர்…

கீ திரும்பியது. நானே பார்த்தேன். நகக்கண் அளவு.

டங்…

அப்புறம்…

“ம்ம்ம்ம்…”

ஒரு பெண் குரல். பாடுகிறவர்கள் சுருதி சேர்த்துப் பார்ப்பார்களே, அப்படி. பாதியில் கம்மி நின்றது.

கிர்ர்ர்… டங்…

“ம்ம்ம்ம்…”

இந்த முறை சேர்ந்தது.

மச்சான் என் கையைப் பிடித்தார்.

“மாப்ள… அது சில்வண்டு குரல்.”

வீட்டுக்குப் போன் போட்டேன். “என் கண் முன்னாலதான் தூங்கிக்கிட்டிருக்கா” என்றாள் மனைவி.

மச்சான் எழுந்தார். கட்டிங் பிளேயரை எடுத்தார். கம்பிகளை வெட்டினார். பட்… பட்… பட்… ஆறையும் வெட்டினார்.

என் போன் அடித்தது.

“ஏங்க, அவ எழுந்து உக்காந்திருக்கா. வாயத் திறக்கிறா… சத்தமே வரலைங்க!”

அந்த ஐந்து நிமிடத்தில் என் ஆயுளில் பாதி போயிற்று. மச்சான் புதுக் கம்பிகள் மாட்டி, அதே இறங்கிய சுருதியில் வைத்தார். அங்கே அவளுக்குப் பேச்சு வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி வந்தது. அதை உடைக்கலாம், எரிக்கலாம் என்ற பேச்சுக்கே பிறகு இடமில்லாமல் போயிற்று.

விற்றவர் வீட்டைத் தேடிப் போனோம். உள்ளே ஒரு பெண் உச்சத்தில் பாடிக்கொண்டிருந்தாள். அவர் வாசலை விட்டு நகரவில்லை.

“ஒன்பது மாசம் என் பொண்டாட்டிக்குப் பேச்சே இல்ல சார். அது வீட்ட விட்டுப் போன மறுநாள் பாடினா. எனக்கு வேற வழி தெரியல.”

கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அழவும் வேண்டும் போலிருந்தது.

அதன் பிறகு கிடார் கேட்டு வந்த ஒவ்வொருவரிடமும் மச்சான் ஒரே கேள்வியைக் கேட்டார். “உங்க பேண்ட்ல பாடறது யாரு?” மூன்று பேரைத் திருப்பி அனுப்பினார். நான்காவதாக ஒரு நெட்டைப் பையன் வந்தான்.

“பாட்டே கிடையாதுண்ணே. வெறும் வாசிப்பு மட்டும்தான்.”

மச்சான் கிட்டத்தட்ட இனாமாகவே கொடுத்துவிட்டார். மறுநாள் காலை சில்வண்டு குளியலறையில் பாடிய பாட்டில் தெருவே எழுந்துகொண்டது. ஒலிப்பதிவும் நல்லபடியாக முடிந்தது. பீடை ஒழிந்தது என்று நினைத்தோம்.

ஒரு மாதம் கழித்து அந்த நெட்டையன் போன் செய்தான்.

“கிடார் சூப்பர்ண்ணே. சுருதிதான் நிக்கவே மாட்டேங்குது. தினமும் இறங்கிடுது.”

இரண்டு பேரும் போனோம். சின்ன வீடு. சுவரோரம் கிடார். அவன் மனைவி உள்ளேயிருந்து கைக்குழந்தையோடு வந்தாள். எங்களுக்குக் குழந்தை இருப்பதே தெரியாது. பேண்டில் யார் பாடுகிறார்கள் என்றுதானே மச்சான் கேட்டார்? வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கவில்லையே?

“பிறந்தப்போ ஊரையே கூட்டுவாண்ணே. இப்ப ரொம்ப சமர்த்து. அழறதே இல்ல.”

“டாக்டர்கிட்ட காட்டணும்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்” என்றாள் அவள்.

குழந்தை எங்களைப் பார்த்தது. முகம் சிவந்தது. வாயை அகலத் திறந்தது. கண்ணீர் கொட்டியது.

சத்தம் இல்லை.

மச்சான் கிடாரைக் கையில் எடுத்தார். “இதுல கோளாறு இருக்கு தம்பி, வேற நல்ல கிடார் கொடுத்தனுப்பறேன்” என்று சொல்லி அதைப் பெட்டியில் வைத்து மூடினார். காரின் பின்சீட்டில் போட்டோம். சிக்னலில் நிற்கும்போது பெட்டிக்குள்ளிருந்து…

குழந்தை அழும் சத்தம்.

அன்று மாலையே சில்வண்டைத் துணிமணியோடு எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். “கொஞ்ச நாள் அக்கா வீட்ல இரு” என்று மட்டும் சொன்னாராம். நெட்டையனின் குழந்தை இரண்டே நாளில் ஊரைக் கூட்ட ஆரம்பித்துவிட்டது. மச்சானோடு அந்த வீட்டில் இப்போது கிடார் மட்டும்தான். இரண்டு மாதமாக எங்கள் வீட்டுப் பக்கம் அவர் வரவில்லை. ஒரு வாரமாகக் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. ‘நல்லா இருக்கேன் மாப்ள’ என்று மெசேஜ் மட்டும் வரும்.

நேற்று மனசு கேட்காமல் கடை லேண்ட்லைனுக்கு அடித்தேன். ஏழெட்டு முறை மணி அடித்த பிறகு எடுக்கப்பட்டது.

“மாப்ள…”

மச்சானேதான். அதே குரல். எனக்கு உயிர் வந்தது. சில்வண்டும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“எல்லாம் சரியாப் போச்சு மாப்ள. சில்வண்டை அனுப்பி வைங்க.”

அவள் துள்ளிக் குதித்தாள். பாடிக்கொண்டே பையில் துணிகளைத் திணித்தாள். நான் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

செல்போனில் மெசேஜ். மச்சானிடமிருந்து.

‘கடைல பேசினது நான் இல்ல மாப்ள. எனக்குப் பேச்சு போய் ஒரு வாரமாச்சு. அவளை அனுப்பிடாதீங்க.’