ஊற்றியவர் யார், சொன்னவர் யார்?

ஒருவர் ஞானஸ்நானம் பெற்றார் என்பதற்குக் கத்தோலிக்கப் பங்குப் பணிமனை எழுதுவினைஞர் கையெழுத்து வைத்துச் சாட்சி சொல்ல வேண்டும். பெரும்பாலும் அந்த ஞானஸ்நானம் நடந்த நாளில் அந்த எழுதுவினைஞர் பிறந்தே இருக்கமாட்டார்.

பங்குப் பணிமனைகளில் கதிரை தேய்க்கும் சகோதர சகோதரிகளுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழக வாசலைக் கண்ட முதல் ஆள் நான். அரசாங்க நியமனம் வரும் வரைக்கும் சும்மா இருக்கக்கூடாது என்று மன்னார்க் கரையிலுள்ள எங்கள் பங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். சனம் முகாம்களிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் மூன்றில் இரண்டு, இடப்பெயர்வின்போது தொலைந்திருந்தன. மூன்றாவது மழையில் நனைந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை மாதிரி ஆகியிருந்தது. பத்திரம் கேட்டு வருகிறவர்களை விசாரித்து, சாட்சி எடுத்து, புதிய பதிவேட்டில் எழுதுவதுதான் என் வேலை. நான் பிழையாக எழுதினால் அது இனி என்றைக்கும் பிழையாகவே இருக்கும் என்ற பயத்தில் முதல் மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சூடை பட்ட வருடம்

முதல் கிழமை வந்தவர் ஒரு கடற்றொழிலாளி. அறுபதைத் தாண்டிய வயது. ஞானஸ்நானம் பெற்ற ஆண்டைக் கேட்டேன். "சூடை நல்லாய்ப் பட்ட வருஷம்" என்றார். எந்த ஆண்டு என்று திரும்பவும் கேட்டேன். "அதுதான் சொல்லிப்போட்டனே, சூடை பட்ட வருஷம். அம்மா சொல்லுவா, என்னைக் கோவிலுக்குக் கொண்டுபோகேக்கை கரை முழுக்கச் சூடை காயப்போட்டிருந்ததெண்டு."

ஆண்டு என்ற கட்டத்தில் மீனின் பெயரை எழுத முடியாது. நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். அவரும் வலை இழுக்கிறவர். பழைய பெரியாட்கள் வழிவழியாகச் சொன்ன கணக்கை வைத்து, சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலை நிமிர்த்தாமலேயே ஆண்டைச் சொன்னார். அடுத்த நாள் அந்த ஐயாவுக்கு ஞானத்தாயாக நின்றவரின் மகளைக் கண்டுபிடித்தோம். அவர் சொன்ன ஆண்டும் அதுவே. பத்திரத்தை வாங்கும்போது ஐயா என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

"கம்பஸில அவ்வளவு நாள் வைச்சிருந்தும் இதை உங்களுக்குச் சொல்லித் தரேல்லையோ, பிள்ளை?"

மணியடித்தவரின் சாட்சி

எங்கள் கோவிலில் மணியடித்து, மெழுகுதிரி கொளுத்தி, பூசை உடுப்பு எடுத்து வைக்கிறவரைச் சக்கிடுத்தார் என்போம். எங்கள் சக்கிடுத்தார் அந்த வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். எல்லா ஞானஸ்நானத்துக்கும் இவர் இருந்திருப்பார், இனி எனக்குக் கவலை இல்லை என்று நினைத்து, ஒருநாள் ஏழு பேருடைய விபரத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"நான் மணி அடிச்சனான். உள்ளுக்குப் பாக்கேல்லை" என்றார். பிள்ளையின் தலையில் தண்ணீர் படும்போது மணியடிக்க வேண்டும். மணிக்கயிறு இருப்பது வெளியே. ஆகவே முப்பது வருடமாக அவர் ஒரு ஞானஸ்நானத்தையும் கண்ணால் காணவில்லை. உள்ளே பிள்ளை வீரிடும் சத்தம்தான் அவருக்கு அடையாளம். அது கேட்டதும் கயிற்றை இழுப்பார். ஏழு பேரில் ஐந்து பேரின் அழுகை தனக்கு நினைவிருக்கிறது என்று சொல்லி, அந்த ஐந்துக்கு மட்டும் கையெழுத்து வைத்தார். மற்ற இரண்டையும் என் பக்கம் தள்ளிவிட்டார்.

"அழாத பிள்ளைக்கு நான் சாட்சி சொல்லமாட்டன்."

இந்தியாவிலிருந்து வந்த கடிதம்

இனிச் சொல்லப்போவதில் பிழை என்னுடையது. ஜெசிந்தா தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து, தாய் மதலேன் அன்ரியோடு திரும்பி வந்தவள். எங்கள் பங்குப் பெடியன் ஒருவனோடு அவளுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். கோவில் கலியாணத்துக்கு ஞானஸ்நானப் பத்திரம் கட்டாயம். புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, முகாமில் வாங்கியவள் என்றபடியால் ஞானஸ்நானப் பதிவும் அங்கேதான் இருக்கும் என்று நானாகவே முடிவெடுத்து, அங்குள்ள பங்குக்கு எழுதிவிட்டு, "பத்திரம் வந்திடும், பாதர்" என்று பங்குத்தந்தையிடம் சொன்னேன். அவர் என்னை நம்பிக் கலியாண அறிவித்தலைத் தொடங்கினார். மூன்று ஞாயிறு பூசையில் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சனத்தைக் கேட்பது வழக்கம். முதல் வாசிப்பு முடிந்த செவ்வாய்க்கிழமை பதில் வந்தது: அப்படி ஒரு பதிவு இல்லை.

மதலேன் அன்ரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை. "அங்கை எப்பிடி இருக்கும்? இவளுக்குக் கடலிலயெல்லோ குடுத்தது" என்றார். தொண்ணூறாம் ஆண்டு படகில் இந்தியாவுக்குப் போனபோது ஜெசிந்தா பிறந்து ஒன்பது நாள். நடுக்கடலில் பிள்ளை நீலம் பாரித்துவிட்டது. பிள்ளைப்பெற்ற காய்ச்சலில் அன்ரியால் தலை தூக்க முடியவில்லை. கணவர் பின்பக்கத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையை மடியில் வைத்திருந்தது, அன்ரிக்குப் பக்கத்தில் இருந்த சிவகாமி; முருங்கன் ஊர்ப் பக்கத்து வயற்கார வீட்டுச் சைவப் பெண். சாகக் கிடக்கும் பிள்ளைக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று அன்ரிக்குத் தெரியும். பால் போத்தல் மூடியால் கடல் தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றினார்கள். பிள்ளை பிழைத்தது. கணவர் பிறகு முகாமில் இறந்துவிட்டார். நான் ஒரு சொல் விடாமல் எழுதினேன். கடைசியில் அன்ரி சொன்னதையும் அவர் சொன்னபடியே எழுதினேன்.

"நான் சொன்னன், சிவகாமி ஊத்தினா."

சங்கிலி எண்ணெய்க் கையோடு

பாதர் மோட்டார் சைக்கிள் சங்கிலியைக் கழற்றி வைத்துக்கொண்டு முற்றத்தில் இருந்தார். கையெல்லாம் எண்ணெய். கடதாசியை நான்தான் அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். சைவக்காரி ஊற்றியது பிரச்சினை இல்லை என்றார். கடல் தண்ணீரும் தண்ணீர்தான். போத்தல் மூடியும் போதும். எனக்கு மூச்சு வந்தது. கடைசி வரிக்கு வந்ததும், இது சரிவராது என்றார். ஊற்றுகிற ஆளே வார்த்தையையும் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்ல இன்னொருவர் ஊற்றினால் அது ஞானஸ்நானம் ஆகாது. முதல் கொடுத்தது செல்லாவிட்டால் இது செல்லட்டும் என்ற நிபந்தனையோடு இப்போது திரும்பக் கொடுக்கலாம், ஐந்து நிமிட வேலை என்றார்.

இதை மதலேன் அன்ரிக்குச் சொல்ல வேண்டிய ஆள் நான். சொன்னேன். ஜெசிந்தா பக்கத்தில் நின்றாள். "ஐஞ்சு நிமிஷந்தானே அம்மா, நான் குனிஞ்சு நிக்கிறன்" என்றாள். அன்ரி அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"அந்தப் பிள்ளை அண்டைக்குச் செத்திருந்தால், மோட்சத்துக்குப் போயிருக்குமெண்டு நம்பித்தானே நான் உயிரோடை இருந்திருப்பன். அது பொய்யெண்டு இப்ப சொல்லுறியளோ?"

ஒரு சுலபமான வழி

மாப்பிள்ளையின் தாய்மாமன் லோறன்ஸ் மாமா பங்குச் சபைச் செயலாளர். நல்ல மனிதர். ஊருக்குத் திரும்பி வந்தவர்களுக்குக் கூரை வேய்ந்து கொடுத்தவர். பந்தலுக்கும் சொல்லியாகிவிட்டது என்ற கவலையில் பணிமனைக்கு வந்து, கதிரையை என் மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். அந்தக் காலத்தில் எங்கள் பங்கில் குருவாக இருந்து பிறகு காலமான சுவாமியார் ஒருவரின் பெயரைச் சொன்னார். படகில் புறப்படுவதற்கு முந்தின நாள் அவர் ஞானஸ்நானம் கொடுத்தார் என்று எழுதினால் தாய்க்கும் சந்தோஷம், பிள்ளைக்கும் சந்தோஷம், கலியாணமும் நடக்கும் என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. என் அவசரத்தால் வந்த சிக்கல் ஒரு வரியில் தீர்ந்துவிடும். பதிவேடும் என் கையில், பேனையும் என் கையில். ஆனாலும் பேனையை மூடி மேசை லாச்சிக்குள் வைத்தேன். அவர் எழும்பிப் போகும்போதும் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"செத்த சுவாமியார் எழும்பி வந்து இல்லையெண்டு சொல்லப்போறாரோ, பிள்ளை?"

போன் எடுக்க வேண்டாம்

ஊற்றிய ஆளும் வார்த்தையைச் சொன்னாரா என்று சொல்ல மிச்சமிருந்த ஒரே சாட்சி சிவகாமி அம்மா. அவரும் முகாமிலிருந்து திரும்பி, முருங்கனுக்கு அப்பால் தங்கள் வயற்காணிக்கு வந்துவிட்டார். மதலேன் அன்ரியிடம் அவருடைய போன் நம்பர் இருந்தது. எனக்கு அதுதான் பயம். எந்தப் பதிலில் எல்லாம் தங்கியிருக்கிறது என்று அன்ரிக்கு இப்போது தெரியும். ஒரு போனில் சொல்லிக் கொடுத்துவிட்டால் என் விசாரணைக்குப் பெறுமதி இல்லை. வெட்கத்தை விட்டு, நான் போய்க் கேட்கும் வரைக்கும் அவவோடு கதைக்க வேண்டாம் என்று கேட்டேன். இரண்டாவது அறிவித்தலும் வாசித்தாகிவிட்டது. வீட்டுக்குத் தலைப்பிள்ளையின் கலியாணம் நிற்குமோ நடக்குமோ என்று இருக்கும் தாயிடம் கேட்கிற கேள்வியா இது? அன்ரி தன் போனை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"நீங்களே வைச்சிருங்கோ. எனக்குப் பொய்க் கலியாணமும் வேண்டாம், பொய்ஞ் ஞானஸ்நானமும் வேண்டாம்."

உழுந்து முற்றம்

சிவகாமி அம்மா முற்றத்தில் உழுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தார். மன்னாரிலிருந்து ஜெசிந்தாவின் விஷயமாக வந்திருக்கிறேன் என்றதும் கையிலிருந்த சுளகைப் போட்டுவிட்டு, "பிள்ளைக்கு என்னவும் வருத்தமோ?" என்று கேட்டார். கலியாணம் என்றேன். முகம் மலர்ந்து, தேத்தண்ணி வைத்துத் தந்தார். படகில் நடந்ததைச் சொல்லுங்கோ என்று மட்டும் கேட்டேன். "நீங்களும் வார்த்தையைச் சொன்னீங்கள்தானே?" என்ற கேள்வி நாக்கு நுனியில் நின்றது. அப்படிக் கேட்டால் அவர் ஓம் என்பார். எந்த நல்ல மனிதரும் அந்த இடத்தில் ஓம் என்றுதான் சொல்வார். அதனால் தேத்தண்ணியை வாயில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னார். முதல் மூடித் தண்ணீர் படகு ஆடியதில் அவருடைய சீலையிலேயே ஊற்றுப்பட்டது. இரண்டாவதுதான் பிள்ளையின் தலைக்குப் போனது. ஊற்றும்போது யார் என்ன சொன்னது என்று கேட்டேன். "மதலேன் சொன்னா" என்றார். அதையும் அப்படியே எழுதினேன். "வேறை?" என்றேன். "வேறை என்ன? அவ ஒவ்வொரு சொல்லாய்ச் சொல்லித் தந்தா, நான் ஒவ்வொரு சொல்லாய்ச் சொல்லிச் சொல்லி ஊத்தினன். இஞ்சின் சத்தம், அவவுக்குக் கேட்டிராது." பிறகு ஒருவரும் கேட்காமலேயே, வெறுங்கையை உழுந்துக்கு மேலே சரித்துப் பிடித்துக்கொண்டு, "ஜெசிந்தா, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின்ரை பேராலை உனக்கு ஞானஸ்நானம் குடுக்கிறன்" என்றார். இருபது வருடத்துக்குப் பிறகும் ஒரு சொல் தவறவில்லை. என் பயம் அப்போதும் விடவில்லை. வாய்விட்டுச் சொன்னீங்களோ, மனதுக்குள்ளையோ என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாயை மூடிக்கொண்டு ஊத்துறதுக்கு அது என்ன மிளகாய்க் கன்றோ, பிள்ளை?"

ஆறாவது கட்டம்

பாதர் சிவகாமி அம்மாவின் வாக்குமூலத்தை இரண்டு தரம் வாசித்தார். மதலேன் அன்ரி சொன்னதும் பொய்யில்லை, அவருக்குத் தன் சத்தம்தான் கேட்டிருக்கிறது. ஞானஸ்நானம் செல்லும், எழுதுங்கோ என்றார். செய்தியைச் சொல்ல அன்ரி வீட்டுக்குப் போனபோது அவர் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, தோய்த்து முடித்த சட்டையையே திரும்பவும் தோய்த்தார். படகில் விட்டுப்போன எண்ணெய் பூசுதல், வெள்ளைத்துணி, மெழுகுதிரி எல்லாவற்றையும் சனிக்கிழமை பின்னேரம் கோவிலில் செய்தோம். அதற்கு அன்ரி தடை சொல்லவில்லை.

பதிவேட்டில் இடம் என்ற கட்டத்தில் "கடல்" என்று எழுதினேன். ஆறாவது கட்டத்தில் "ஞானஸ்நானம் கொடுத்த குருவின் பெயர்" என்று அச்சடித்திருக்கிறது. குருவின் என்ற சொல்லை அடிமட்டம் வைத்துக் கோடிழுத்து வெட்டி, பாதரின் சுருக்கொப்பம் வாங்கி, சிவகாமி அம்மாவின் முழுப்பெயரை எழுதினேன். மூன்றாவது ஞாயிறு அறிவித்தல் வாசித்தபோது ஒருவரும் தடை சொல்லவில்லை. முன்வரிசையில் இருந்த லோறன்ஸ் மாமா மட்டும் திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். கலியாணத்தன்று சிவகாமி அம்மா ஒரு பை சம்பா அரிசியோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். பூசை முடிந்ததும் ஜெசிந்தா கூறைச்சீலையோடு அவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு பணிமனைக்கு வந்து, அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னாள். சிவகாமி அம்மா விரலை வைத்து, தன் பெயருக்கு மேலே இருந்த பெயர்களையும் கீழே இருந்த பெயர்களையும் எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"மேலயும் சுவாமியார், கீழயும் சுவாமியார், நடுவில நான்! எங்கடை ஊர் ஐயருக்கு இதைச் சொல்லிப்போடாதேங்கோ."

எங்கள் வேலையில் ஒரு பெயரை எழுத ஐந்து நிமிடம் போதும், எழுதலாமா என்று பயப்படத்தான் மூன்று கிழமை வேண்டியிருக்கிறது.