ஸ்டார்ட் ஆகாத சனிக்கிழமை

எனக்குக் கோபம் முதலில் வரும், பயம் பிறகுதான் வரும். என் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். அந்தச் சனிக்கிழமை மட்டும் பயம் முந்திக்கொண்டது.

முற்பகல் நேரம். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற எங்கள் வரிசை வீட்டு வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். மேலே மலையிலிருந்து பெண்கள் அலறுகிற சத்தம் கேட்டது. கொழுந்து பறிக்கிற இடத்தில் சத்தம் ஒன்றும் புதிதல்ல. அட்டை கடித்தாலும் கத்துவார்கள், கேலி பேசினாலும் கத்துவார்கள். ஆனால் இந்தச் சத்தம் நிற்காமல் அப்படியே கீழே இறங்கி வந்தது. கங்காணி தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு முன்னால் ஓடிவந்தார்.

"டீச்சர், வண்டிய எடுங்க! ஒங்க அம்மாவ குளவி கொட்டிருச்சு! கூடு கலைஞ்சு மொத்தமும் அவங்க மேலதான் விழுந்துச்சு!"

அவருக்குப் பின்னால் அம்மாவை ஒரு படங்கில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்கிற தடித்த துணிதான் படங்கு. அதில் கிடந்த முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண்கள் வீங்கி மூடியிருந்தன. உதடு புரண்டிருந்தது. தலைமயிருக்குள் சிக்கிய குளவிகள் இன்னும் இரைந்துகொண்டிருந்தன. மூச்சு இழுக்கும்போது தொண்டைக்குள் விசில் அடித்தது. "அம்மா" என்றேன். ஏதோ சொல்லப் பார்த்தாள், நாக்குப் புரளவில்லை.

கொழுந்து லொறி அப்போதுதான் ஃபெக்டரிக்குப் போயிருந்தது. யாரோ அம்புலன்சுக்குக் கோல் எடுத்தார்கள். மழையில் அரித்துப்போன எங்கள் தோட்டத்து ரோட்டில் அது கீழ்ச் சந்தி வரைதான் வரும், அதற்கும் நேரமாகும் என்று சொன்னார்கள். லயத்தில் நின்ற ஒரே வண்டி என்னுடைய பழைய டீசல் கார்.

அந்தக் கார் என்னைவிடக் கோபக்காரி. சில கிழமைகளுக்கு முன் ஹல்துமுல்லையில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பெரகல சந்தியில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம். திரும்பி வந்து சாவியைத் திருகினால் ஸ்டார்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. டேஷ்போர்டில் சாவி மாதிரி ஒரு சின்னச் சிவப்பு லைட் மின்னி மின்னி என்னை நையாண்டி செய்தது. ஒரே பனிமூட்டம். வளைவில் லொறிகள் திடீர் திடீரென்று முளைத்து வந்தன. அம்மா பின் சீட்டில் எல்லாச் சாமியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எத்தனையோ தடவை திருகிய பிறகு, என்ன நினைத்ததோ, தானாகவே ஸ்டார்ட் ஆனது.

மறுநாள் பதுளை டவுனில் எங்கள் பாஸிடம் கொண்டுபோனேன். பாஸ் என்றால் முதலாளி இல்லை, எங்கள் பக்கத்தில் மெக்கானிக்கை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்துக் காட்டினார்.

"ஒங்க சாவித் தலைக்குள்ள ஒரு சிப் இருக்கு டீச்சர், பயறு அளவுதான். சாவி போடுற ஓட்டையச் சுத்தி இந்தா ஒரு வளையம். வளையம் சிப்ப பாத்து, நம்ம ஆளுதான்னு சொன்னாத்தான் டீசல் தெறக்கும். இல்லாட்டி நாள் பூரா திருகினாலும் ஸ்டார்டர் சும்மா சுத்தும். இதுக்குப் பேருதான் இம்மொபிலைசர். கள்ளனுக்காக வச்சது."

"அப்ப காருக்கும் பெரட்டா? பேர் பதிஞ்சாத்தான் வேலைக்கு எறங்குமா?" என்று கேட்டேன். காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கு எடுப்பதைத்தான் பெரட்டு என்போம். பாஸ் விழுந்து விழுந்து சிரித்தார். வளையத்துக்கு வருகிற வயரின் பிளக்கில் ஈரம் பட்டுப் பச்சை பிடித்திருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து, இறுக்கிக் குத்தி, டேப் சுற்றிக் கொடுத்தார். அதன் பிறகு கார் ஒழுங்காகவே ஓடியது.

அம்மாவுக்குத்தான் மனம் ஆறவில்லை. பிளக்காவது, பச்சையாவது! பெரகலையில் லொறிக்காரன் எங்களை நசுக்கியிருப்பான், இந்த வண்டிக்குக் காவல் இல்லை என்று ஒரே பாட்டு. ஃபெக்டரிச் சுவரோரம் ரோதைமுனி என்கிற சாமி இருக்கிறார். ரோதை என்றால் சக்கரம். கொழுந்து அரைக்கிற மெஷினில் இருந்து ஓட்டைச் சைக்கிள் வரைக்கும் சுற்றுகிற எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. தோட்டத்துக்குப் புது லொறி வந்தாலும் சாவி முதலில் அவர் காலடிக்குத்தான் போகும். குளவி கொட்டியதற்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை சாயந்தரம், பக்கத்து வீட்டு அத்தையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அம்மா என் கார்ச் சாவியோடு அங்கே போய்வந்தாள். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை, படங்கில் அம்மாவைக் கண்டதும், ஆணியில் தொங்கிய சாவியை ஓடிப்போய்ப் பிடுங்கினேன். அதன் தலையில் மஞ்சள் துணி சுற்றிக் கறுப்புக் கயிறு கட்டியிருந்தது. அம்மா கேஸ் சிலிண்டருக்கே கயிறு கட்டுகிறவள், அதனால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. அத்தை முதலில் ஏறி அம்மாவின் தலையை மடியில் வாங்கிக்கொண்டார். கதவைச் சாத்திச் சாவியைத் திருகினேன்.

ஸ்டார்டர் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. அந்தப் பாழாய்ப்போன சிவப்பு லைட் மின்னியது.

மறுபடி திருகினேன். மறுபடியும் அதேதான். பின்னாலிருந்து அந்த விசில். வெளியே நின்றவர்கள், "தள்ளுவமா டீச்சர், தள்ளுவமா?" என்று கேட்டார்கள். தள்ளியும் பார்த்தார்கள். டீசலே திறக்காத வண்டியைத் தள்ளி என்ன செய்ய? லயத்து முனை வரை உருண்டு போய் நின்றதுதான் மிச்சம். ஃபோனை எடுத்துப் பாஸுக்கு அடித்தேன். எடுத்ததும் ஹலோகூடச் சொல்லாமல் அழுதுவிட்டேன்.

"டீச்சர், அழாதீங்க. நான் போட்ட பிளக்குதான் கழண்டிருக்கும். மூடியத் தொறந்து அழுத்திப் பாருங்க."

யாரோ ஒரு வீட்டில் இருந்து கத்தி கொண்டுவந்து கொடுத்தார்கள். தரையில் மண்டியிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து, மூடியை நெம்பினேன். அது பாதி உடைந்துகொண்டு வந்தது. டேப் சுற்றிய பிளக் அப்படியே இருந்தது. இருந்தும் பெருவிரலால் அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். எழுந்து திருகினேன். லைட் மின்னியது. அத்தை அழுகிற குரலில், "புள்ள, கை சில்லுன்னு இருக்குடி" என்றார்.

அம்மா செத்துப்போகப் போகிறாள் என்று அப்போதுதான் முதன்முதலாக முழுசாக நினைத்தேன். என் காருக்குள், என் முதுகுக்குப் பின்னால்.

"பிளக் சரி பாஸ், லைட் போகல!"

"அப்ப சாவிய வெளிய எடுத்து நல்லாத் தொடச்சிட்டுப் போடுங்க."

உருவி எடுத்து, துடைப்பதற்காக அந்த மஞ்சள் துணியை அழுத்தினேன். உள்ளே ஏதோ மொறுமொறுத்தது. துணியின் ஓரத்தை விலக்கினால் செம்பு மினுங்கியது.

"பாஸ், சாவியில தகடு கட்டியிருக்கு. சாமித் தகடு. செம்பு."

"எங்கன கட்டியிருக்கு?"

"தலைய முழுசா சுத்தி."

அவர் ஒரு மூச்சு விட்டார். "சிப்புக்கு சட்ட போட்டு மூடிட்டீங்களே! வளையத்துக்கு அது எப்படித் தெரியும்? அவுத்துப் போடுங்க, ஒடனே!"

கயிற்றில் கை வைத்தேன். அத்தை பின்னாலிருந்து எட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அவுக்காத! மூனு வெள்ளி போற வரைக்கும் அவுக்கக் கூடாதுன்னு பூசாரி சொல்லித்தான் கட்டுனாரு. ஒங்கம்மா உசுருக்கும் சேத்துத்தான் வேண்டிக்கிட்டா. இந்த நேரத்துல அவுத்தா அவ போயிருவாடி!"

வெளியே நின்ற கங்காணியும், "டீச்சர், யோசிச்சு செய்ங்க" என்றார். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று சொன்னால் அது பொய். நான் படித்தவள்தான். ஆனால் ரோதைமுனியைக் கும்பிடாமல் ஃபெக்டரியைத் தாண்டி ஒரு நாளும் நடந்ததில்லை. சின்ன வயதில் இருந்து ஊறிய பயம் அது. பாஸ் சொல்வது சரி என்று மூளைக்குத் தெரிகிறது, விரல் அசைய மாட்டேன் என்கிறது. அவிழ்த்த பிறகு அம்மாவுக்கு ஏதாவது ஆனால் இந்த லயத்தில் யார் முகத்தில் விழிப்பேன்? யாரும் ஒன்றும் சொல்லாவிட்டாலும் எனக்கு நானே என்ன சொல்லிக்கொள்வேன்?

பின்னால் விசில் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அம்மா வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காற்றைத் தேடினாள். பிறகு மறுபடி விசில் வந்தது, முன்னைவிட மெல்லியதாக.

அவ்வளவுதான். முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்து அறுத்தேன். வாயெல்லாம் மஞ்சளும் சூடமும் கசந்தது. "சாமி, கோவிச்சுக்காத. நீயும் கூட வா" என்று வாய்விட்டே சொன்னேன். தகட்டைத் துணியோடு உருட்டி அத்தையின் கைக்குள் திணித்தேன். "இத இறுக்கிப் புடிச்சுக்கிட்டு அம்மா பக்கத்துலயே இருங்க. முன்னுக்கு மட்டும் கொண்டு வந்துராதீங்க."

அத்தை அதைக் கண்ணில் ஒற்றி, அம்மாவின் நெஞ்சில் வைத்துப் பிடித்துக்கொண்டார். நான் வெறும் சாவியைப் போட்டுத் திருகினேன். லைட் ஒருமுறை எரிந்து அணைந்தது. எஞ்சின் தடதடவென்று பிடித்துக்கொண்டது. வெளியே பெண்கள் குலவை போடுகிற மாதிரி கத்தினார்கள்.

இறங்குகிற ரோட்டில் நான் எப்படி ஓட்டினேன் என்று இன்றைக்குக் கேட்டால் தெரியாது. ஹோர்னில் இருந்து கையை எடுக்கவில்லை. விசில் பெரிதாகக் கேட்டால் பயம், கேட்காவிட்டால் அதைவிடப் பயம். வளைவுக்கு வளைவு, "அத்தை, மூச்சு இருக்கா?" என்று கத்தினேன். "இருக்கு, நீ ரோட்டப் பாரு" என்று அவரும் கத்தினார். ஒரு வளைவில் பதிலே வரவில்லை. என் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. "அத்தை!" என்று அலறினேன். "கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்டி, போ!" என்றார். அவரை அப்போது கடித்துத் தின்றிருப்பேன்.

பதுளை ஆஸ்பத்திரி வாசலில் ட்ரொலியில் அம்மாவைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். காவலாளி, எஞ்சினை அணைக்கச் சொல்லி அதட்டினார். "அணைக்க மாட்டேன், போங்க!" என்று கத்திவிட்டு உள்ளே ஓடினேன். திரும்பி வந்தபோதும் கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாவம், அந்த மனிதர் பக்கத்திலேயே காவல் நின்றார்.

ஊசி போட்டார்கள், ஒக்சிஜன் வைத்தார்கள். சாயந்தரம் அம்மாவின் ஒரு கண் கோடு போல் திறந்தது. மாஸ்க்கை ஒதுக்கிவிட்டு என்னவோ முனகினாள். காதைக் கிட்டக் கொண்டுபோனேன். "குளவிகூட பரவால்லடி. நீ ஓட்டுன ஓட்டத்துக்குத்தான் உசுரு போச்சு" என்றாள். நான் சிரித்தேன், உடனே அழுகையும் வந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். அம்மாவின் உடம்புக்குக் குளவி விஷம் ஒத்துக்கொள்ளவே இல்லை. இனி ஒரேயொரு குளவி கொட்டினாலும் ஆபத்துதான், இவ்வளவு நேரம்கூடத் தாங்காது. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

வீக்கம் வற்றியதும் அம்மா கூடையை எடுத்தாள். நான் கத்தினேன், கெஞ்சினேன், சோறு தின்னாமல் கிடந்தேன். "வேற என்ன வேல தெரியும் எனக்கு? நீ ஒரு நாள் கல்யாணம் கட்டிப் போயிருவ. நான் வீட்ல குந்திக்கிட்டு செவத்தப் பாக்கவா?" என்றாள். "எந்த மலை?" என்று கேட்டேன். "அதே மலைதான். கூட்டக் கலைச்சிட்டாங்களாம்." கலைத்த கூட்டுக் குளவிகள் எங்கே போயின என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமைகளில் நான் காரை லயத்தில் நிறுத்துவதில்லை. அந்த மலைக்குக் கீழே, முகம் பதுளைப் பக்கம் பார்க்கத் திருப்பி நிறுத்திவிட்டு, கொழுந்தை எடை போட்டு முடிகிற வரைக்கும் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன். இடையிடையே ஸ்டார்ட் செய்து பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் உடனே பிடிக்கிறது. மற்ற நாட்களிலும் அம்மா மலைக்குப் போகிறாள், நான் வேறு தோட்டத்துப் பாடசாலையில் இருக்கிறேன். காரும் என்னோடுதான் அங்கே நிற்கிறது.