பதின்மூன்றாவது பொத்தான்

அவருக்கு அரைநொடி என்று பட்டப்பெயர் வைத்தவர் அவர்கள் குழுவின் டிரம்ஸ்காரர். விடுதி ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் முப்பது வருடம் கீபோர்டு வாசித்த மனிதர் அரைநொடி. வரி முடிகிற இடத்தில் கடைசி ஸ்வரத்தைக் கொஞ்சம் பிந்தித்தான் தொடுவார். தாளம் தப்பியது என்று யாரும் சொல்லிவிட முடியாது, ஆனால் கேட்கிறவருக்கு ஒரு கணம் மூச்சு நின்று திரும்பும். டிரம்ஸ்காரர் தினமும் அதற்காகத் திட்டுவார். மறுநாள் அதே இடம் வரும்போது காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்.

வீட்டிலும் அதே கதைதான். ஒன்பதுக்கு வருகிறேன் என்று போனவர் பத்தரைக்கு வந்து நிற்பார். தையல்காரியான மனைவி மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே "வந்துட்டீங்களா" என்பார். அதில் கோபமும் கிடையாது, கேள்வியும் கிடையாது. அது காதில் விழுந்த பிறகுதான் அரைநொடி குனிந்து செருப்பைக் கழற்றுவார்.

எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. பேச்சும் நடையும் தேறிவிட்டன, வலது கை மட்டும் மடியில் வைத்தால் வைத்த இடத்தில் கிடந்தது. கீபோர்டைப் பழைய துணியால் மூடச் சொன்னார். அந்தத் துணியில் யாரும் கை வைக்கக்கூடாது என்றும் சொன்னார்.

நாடக அரங்கில் ஒலி பார்க்கிற மகள் ஒரு நாள் செருப்புப் பெட்டி அளவில் ஒரு கருவியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். முகப்பில் வரிசையாகப் பதினாறு பொத்தான்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன விளக்கு.

"இதுக்குப் பேரு சீக்குவென்சர்ப்பா. ரெண்டு கை வேணாம், ஒரு விரல் போதும்."

"ஒரு விரல்ல வாசிக்கிறதெல்லாம் வாசிப்பாம்மா?"

"நீங்க வாசிக்க வேணாம். எங்க என்ன வரணும்னு சொல்லி வைங்க. அது வாசிக்கும்."

அவள் சொல்லச் சொல்ல, மனைவியின் அளவு நோட்டில், யாருடைய தோள் அளவுக்கோ கீழே, இடது கையால் கோணல்மாணலாக எழுதிக்கொண்டார். ஸ்டெப்: ஒரு பொத்தான், ஒரு அடி. பேட்டர்ன்: பதினாறு ஸ்டெப்பும் சேர்ந்தது, முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. செயின்: பேட்டர்ன்களைக் கோர்ப்பது. வெலாசிட்டி: எவ்வளவு அழுத்தம். கேட் என்ற சொல்லில் மட்டும் மாட்டிக்கொண்டு விழித்தார்.

"அந்த ஸ்வரம் எவ்வளவு நேரம் நிக்கணும்னு வைக்கிறதுப்பா."

"பட்டன் நுழைய காஜா எவ்வளவு நீளம்னு முடிவு பண்ற மாதிரி" என்றார் மெஷினில் இருந்த மனைவி. அதுவும் நோட்டில் ஏறியது.

இரண்டு வாரம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் எழுந்திருக்கவில்லை. விடுதியில் தினமும் கடைசியாக வாசிக்கிற மெட்டு ஒன்று உண்டு, அவரே போட்டது. அதை ஸ்டெப் ஸ்டெப்பாக இறக்கி, நான்கு பேட்டர்னாகக் கோர்த்து, ஒரு மதியம் ஓடவிட்டார். விளக்குகள் வரிசையாக எரிந்து அணைந்தன. ஒரு பிசிறு இல்லை.

"நல்லாருக்கு" என்றார் மனைவி.

முப்பது வருடம் கூட வாழ்ந்தவருக்கு எந்த "நல்லாருக்கு" நல்லாருக்கு என்று தெரியாதா? "ம், சொல்லு" என்றார்.

"யாரோ வாசிக்கிற மாதிரி இருக்குங்க."

அவருக்கும் அதுதான் தோன்றியிருந்தது. கருவி எல்லா ஸ்வரத்தையும் அதனதன் இடத்தில் கச்சிதமாக வைத்துவிடுகிறது. மகளிடம் போனில் கேட்டதற்கு ஸ்விங் என்று ஒன்று இருப்பதாகச் சொன்னாள். கூட்டிப் பார்த்தார். ஒன்று விட்டு ஒரு ஸ்டெப் ஒரே அளவில் பிந்தியது, பாட்டு நொண்டிக்கொண்டு நடந்தது. கருவியை அணைத்து, அதன்மேலும் ஒரு துணியைப் போட்டார்.

"கை போச்சு, பரவால்லன்னு இருந்தேன்" என்றார். "இப்ப நானே போயிட்டேன்." அன்றைக்குத்தான், எட்டு மாதத்தில் முதன்முறையாக, அழுதார்.

மனைவி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அழுது முடியட்டும் என்று காத்திருந்தார். பிறகு சொன்னார்: "நீங்க எல்லாத்துலயும் லேட்டு இல்லீங்க. கெளம்புறதெல்லாம் சரியாத்தான் கெளம்புவீங்க. திரும்பி வர்றதுதான் லேட்டு."

அரைநொடி அவரையே பார்த்தார். அதுதானே? வரி தொடங்கிய ஸ்வரத்துக்கே திரும்பி வந்து உட்காருகிற இடம், அது ஒன்றுதான் பிந்தும். கடைசிப் பேட்டர்னில் அது பதின்மூன்றாவது ஸ்டெப்.

மறுபடி மகளுக்குப் போன். ஒரே ஒரு ஸ்டெப்பை மட்டும் நகர்த்த முடியுமா? "முடியும்ப்பா, மைக்ரோ டைமிங். அந்தப் பொத்தான அழுத்திப் பிடிச்சுக்கிட்டே ஓரத்துல இருக்கிற குமிழைத் திருப்புங்க."

ஒரு விரல் போதும் என்று அவள் அளந்த கதையின் சாயம் அப்போதுதான் வெளுத்தது. அழுத்த ஒரு கை, திருப்ப ஒரு கை. அரைநொடி வாயைத் திறப்பதற்குள் பதின்மூன்றாவது பொத்தானில் ஒரு விரல் வந்து அழுத்தியது, ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்.

"திருப்புங்க."

திருப்பினார். "பத்தாது" என்றார் மனைவி. இன்னும் கொஞ்சம் திருப்பினார். "ஐயோ, அவ்வளவு வேணாம், அவ்வளவு லேட்டா வந்தா சோறு கெடைக்காது." இருவரும் சிரித்தார்கள். எத்தனையோ தடவை முன்னும் பின்னுமாகத் திருப்பி, கடைசியில் அவராகவே இன்னும் ஒரு மயிரிழை தள்ளிவைத்த பிறகு மனைவி கையை எடுத்தார். "எனக்கு நாளைக்குக் குடுக்க வேண்டிய சட்டை இருக்கு, இனிமே உங்க பாடு" என்று மெஷினுக்குப் போய்விட்டார்.

மெட்டை முதலிலிருந்து ஓடவிட்டார் அரைநொடி. அடுத்த அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முதல் மூன்று பேட்டர்ன் போயின, நான்காவது வந்தது. பன்னிரண்டாவது விளக்கு அணைந்தது. பதின்மூன்றாவது எரிந்தது, ஆனால் ஸ்வரம் இன்னும் வரவில்லை. மெஷின் நின்றது.

ஸ்வரம் வந்து உட்கார்ந்தது.

"வந்துட்டீங்களா" என்றார் மனைவி, உள்ளே இருந்தபடியே.

காலில் செருப்பே இல்லை. இருந்தும் அரைநொடி குனிந்தார்.