கோப்பிப் பேணியில் ஒரு பெயர்

1976 நவம்பர், வெள்ளிக்கிழமை. காலை எட்டு மணிக்குச் சிட்னி சென்ட்ரலில் மெல்பேர்ண் ரயில் புறப்பட்டது. இந்த நாடு கிலோமீற்றருக்கு மாறிவிட்டது. நான் இன்னும் மைலில்தான் எண்ணுகிறேன்: அறுநூறு மைல். சட்டைப்பையில் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய அதிபர் எழுதிய கடிதம் இருந்தது. ஜனவரியில் இரண்டு ஆசிரியர் இடம் காலியாகிறது, இருவரும் வந்தால் தருகிறேன் என்று எழுதியிருந்தார்.

மற்றவர் ராஜசிங்கம். பதினொரு வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் நாங்கள் கிரேக்க வரலாறு படிப்பித்தோம். பாடத்தைப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். ஸ்பார்ட்டாவின் இரட்டை அரசர்களும் அவர்களைக் கண்காணிக்கும் எபோர் என்ற ஐந்து அதிகாரிகளும் அவருக்கு. அதென்ஸின் மக்கள் சபையும் குடவோலை போலச் சீட்டெடுத்துப் பதவி கொடுக்கும் முறையும் எனக்கு. ஆசிரியர் அறையில் தேநீர் ஆறும்வரை எது நல்ல ஆட்சி என்று சண்டை பிடிப்போம். அந்தச் சண்டைக்காகவே பள்ளிக்கூடம் போன நாட்கள் உண்டு. ஐந்து வருடம் உழைத்துவிட்டுச் சேர்ந்து திரும்புவோம் என்று சொல்லித்தான் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினோம். எனக்குச் சிட்னியில் வேலை கிடைத்தது, அவருக்கு மெல்பேர்ணில்; அந்த ஐந்து வருடமும் முடிந்துவிட்டது. அவரைக் கூட்டிக்கொண்டு போகவே இந்தப் பயணம்.

பிற்பகலில் ஆல்பரி. மறி ஆற்றைத் தாண்டினால் விக்ரோறியா மாநிலம். இரவு ஒன்பது மணிக்கு ஸ்பென்சர் வீதி நிலையத்தில் ராஜசிங்கம் நின்றார். தலை நரைத்திருந்தது.

"என்ன ஐசே, மெலிஞ்சு போனீர்."

கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்தார். "நாளைக்குக் கதைப்பம். நாளைக்கு மத்தியானம் உம்மாலை ஒரு அலுவல் இருக்கு."

அவர் பிரன்ஸ்விக்கில் கோஸ்தா என்ற கிரேக்கரின் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறார். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கோஸ்தா எங்களைத் தம் ஊர்க்காரர்களின் கிளப்புக்கு அழைத்துப்போனார். தையற்கடைக்குப் பின்னால் ஒரு நீண்ட அறை, இருபது கதிரை, கோப்பி முப்பது சதம். அன்று செயலாளர் தெரிவு. வாக்கெடுப்பு வைத்தால் அண்ணன் தம்பி முகம் பார்ப்பதில்லை என்று இவர்கள் சீட்டெடுக்கிறார்களாம். உறுப்பினர்களின் பெயர்களை ஒரு கோப்பிப் பேணியில், வெறும் தகர டப்பாவில், போட்டுக் குலுக்குவார்கள். எடுக்கும் கை, பேணியில் பெயர் இல்லாத ஒருவருடையதாக இருக்கவேண்டும்.

"மூண்டு வருசம் நான்தான் எடுத்தனான்," என்றார் ராஜசிங்கம்.

"இந்த முறை ஏன் நான்?"

நகரசபைக்கு ஆங்கிலக் கடிதமெல்லாம் இவர் எழுதிக்கொடுக்கிறாராம், இவ்வருடம் இவரையும் உறுப்பினராக்கிவிட்டோம் என்று கோஸ்தா ராஜசிங்கத்தின் முதுகில் தட்டிச் சொன்னார்.

பேணியைக் குலுக்கி என் முன்னால் நீட்டினார்கள். பதினொரு வருடம் அதென்ஸைப் படிப்பித்த நான் வாழ்க்கையில் முதல்முறையாகச் சீட்டெடுத்தேன். துண்டை விரித்தேன். கிரேக்க எழுத்துகளுக்குக் கீழே, எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்தில் ஆங்கிலத்தில் ராஜசிங்கம் என்றிருந்தது.

அதை மடித்துத் திரும்பப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு வாசித்தேன். அறையே கைதட்டியது. ராஜசிங்கம் எழுந்து நின்றார், கண் கலங்கிவிட்டது. பதினொரு வருடத்தில் நான் பார்க்காத முகம் அது.

ஞாயிறு காலை நிலையத்தில் கடிதத்தைத் திருப்பித் தந்தார்.

"ஒரு வருசம் பொறுப்பு. விட்டிட்டு வரேலாது."

"ஒரு வருசம் கழிச்சு?"

"தெரியேல்லை. நீர் கோவிக்காதையும்."

"ஸ்பார்ட்டாக்காரன் கடைசியில் என்ரை பக்கம் வந்திட்டீர்," என்றேன். சிரித்தோம்.

கோஸ்தாவும் வந்திருந்தார். அடுத்த வருடமும் நீதான் வந்து எடுக்கவேண்டும் என்று அன்போடு கையைக் குலுக்கினார்.

அதென்ஸில் மெட்டிக் என்றொரு கூட்டம் இருந்தது: வந்து குடியேறியவர்கள். வரி கட்டுவார்கள், போருக்குப் போவார்கள், சபையில் இடமில்லை. பரீட்சைக்கு வராது என்று அந்தப் பக்கத்தை வருடாவருடம் தாண்டிப்போனவன் நான். ஆல்பரியில் ரயில் நின்றபோது கடிதத்தை மறுபடி எடுத்தேன். இருவரும் வந்தால் என்றுதான் அதிபர் எழுதியிருந்தார். சிட்னியில் என் பெயரை யாரும் எந்தப் பேணியிலும் போட்டதில்லை. அதனால்தான் கோஸ்தாவின் கிளப்பில் என் கையை நம்பினார்கள்.