எக்ஸ்ரே அக்காவின் பிரிண்டர்

“மூச்சை இழுத்துப் பிடி” என்கிறார் எக்ஸ்ரே அக்கா, பிரிண்டரைப் பார்த்து. அது கரகரவென்று இருமி, காகிதத்தின் ஓரத்தைக் கவ்வி, பாதி வழியில் நின்று யோசிக்கிறது. “அசையாதே.” படம் முழுதாக வந்து விழுந்ததும் “ம், விடு” என்கிறார். ஈரம் காய்வதற்குள் அதை எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். போட்டோவை அப்படிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, எல்லோரும் நிழலாகத்தான் இருப்பார்கள். காலமெல்லாம் எலும்புப் படம் பார்த்த கைக்கு வேறு பழக்கம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவர். எங்கள் கட்டடத்தில் பள்ளிக்கூடம் போகிற வாண்டுகளுக்கும் அவர் அக்கா, பென்ஷன் வாங்குகிறவர்களுக்கும் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியைப் படிக்க வைத்து, ஆளாக்கி, விமானம் ஏற்றிவிட்டு மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறார். தம்பி வீட்டிலிருந்து போனுக்குப் படங்கள் வரும். தம்பி மகளுக்குப் பல் விழுந்தது, முளைத்தது, சிவப்புக் கவுன் போட்டு ஊஞ்சலில் உட்கார்ந்தது. அவற்றை அச்சுப் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவது அக்காவின் வேலை. அதற்காக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படியேறுவது என் வேலை. அவருக்குக் கீழ்வீட்டில் குடியிருப்பதற்கு நான் கட்டும் வரி அது.

ஏனென்றால் அந்தப் பிரிண்டருக்குப் போன் என்றால் என்னவென்றே தெரியாது. அவர் ஓய்வு பெற்றபோது தம்பி வாங்கித் தந்தது. லேப்டாப்பில் ஒயரைச் செருகினால்தான் வாய் திறக்கும். வாரம் ஒரு படமாவது போடாவிட்டால் உள்ளே மை காய்ந்துவிடும். “சனிக்கிழமை வந்துரு. இல்லேன்னா அதுக்கு மூக்கடைச்சுக்கும்” என்பார். ஒரு முறை நான் வெளியூர் போய்த் தாமதமாகத் திரும்பினேன். சொன்னபடியே அடைத்துக்கொண்டது. வெந்நீரில் துணியை நனைத்து அதன் அடியில் வைத்துவிட்டு இருவரும் காவல் இருந்தோம். “ஆவி புடிச்சா சரியாயிடும், பாரேன்.” மற்ற நிறங்கள் திறந்தன, சிவப்பு மட்டும் பிடிவாதமாகத் திறக்கவில்லை. அன்றிலிருந்து தம்பி குடும்பமே காமாலை கண்டதுபோல் இருக்கிறது.

தம்பி படம் அனுப்புவதும் இப்போது குறைந்துவிட்டது. ஒன்றும் வராத வாரங்களில் பழைய படத்தையே மறுபடி போடச் சொல்வார். அதே ஊஞ்சல், அதே கவுன், ஃபிரிட்ஜ் கதவில் வரிசையாக. “பிரிண்டருக்காகத்தாம்மா” என்பார், நான் எதுவும் கேட்காதபோதே.

புதுசு வாங்கலாமா, வேண்டாமா? எங்கள் கட்டடத்தில் தண்ணீர்ப் பிரச்சினைக்கு அடுத்த பெரிய பிரச்சினை இதுதான். லிஃப்ட் பழுது பார்க்க வந்தவரிடம்கூட அபிப்பிராயம் கேட்டிருக்கிறார். வாங்குங்கள் என்றால் “இதுவும் ஓடுதே” என்பார். சரி, விட்டுவிடுங்கள் என்றால் “புள்ளை மூஞ்சி மஞ்சளா வருதே” என்பார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. போதாததற்கு, சனிக்கிழமை மத்தியானத் தூக்கம் எனக்கு உயிர். போன மாதம் நானே அவரைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

விற்பனையாளர் அக்காவின் போனை வாங்கி எங்கோ இரண்டு தட்டுத் தட்டினார். முக்கல் முனகல் இல்லாமல் படம் வந்தது. கவுன் சிவப்பாக இருந்தது. குழந்தையின் முகம் குழந்தையின் முகமாகவே இருந்தது. அக்கா அதைக் கடையின் விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துச் சிரித்தார். அப்பாடா, தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

“வாரா வாரம் ஓட்டணுமா?”

“வேண்டியதில்ல மேடம். சும்மா கெடந்தாலும் அடைக்காது.”

“யாராவது வந்து மாட்டிவிடணுமா?”

“யாருமே வர வேணாம். படுத்துக்கிட்டே நீங்க தனியா பண்ணிக்கலாம்.”

அவர் அதை ஒரு வசதியாகத்தான் சொன்னார். அக்கா படத்தை மேஜைமேல் மெதுவாக வைத்துவிட்டார். “யோசிச்சுச் சொல்றேன்” என்று வெளியே வந்துவிட்டார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது தானாகவே பேசினார். “எக்ஸ்ரே ரூம்ல படம் எடுக்குறப்ப யாரும் உள்ள இருக்கக் கூடாது. அம்மாவா இருந்தாலும் சரி, புருஷனா இருந்தாலும் சரி, வெளிய போங்கம்பேன். நானும் சுவருக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டுத்தான் பட்டனை அமுக்கணும். வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து எல்லாரையும் வெளிய போங்க, வெளிய போங்கன்னே சொல்லிட்டேன்.” சிரித்தார். “இப்பதான் படம் வர்றப்ப பக்கத்துல ஒரு ஆள் இருக்கு.”

பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

முடிவை அவர் எடுக்கவில்லை, பிரிண்டரே எடுத்துவிட்டது. அடுத்த வாரம் அதன் விளக்குகள் எல்லாம் ஒன்றாகச் சிமிட்டின. அதோடு சரி. ரிப்பேர்க்காரர் கையை விரித்தார். அக்கா என்னிடம் சொல்லாமல் தனியாகக் கடைக்குப் போய்ப் புதியதை வாங்கி வந்துவிட்டார். அட்டைப்பெட்டி மாடியேறியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை போன் அடிக்கவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது, தூங்க வேண்டியதுதானே. புரண்டு புரண்டு படுத்தேன். தூக்கம் வரவில்லை. யார் வரி கட்டினார்கள், யார் வாங்கினார்கள் என்றே எனக்குக் குழம்பிவிட்டது. கடைசியில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு, தேவையில்லை என்று தெரிந்தே படியேறினேன்.

மணியை அடிக்கும் முன்பே கதவு திறந்தது. மேஜையில் இரண்டு டீ ஆறிக்கொண்டிருந்தது. நடுவில் புதுப் பிரிண்டர், பளபளவென்று.

“கூப்பிடலாமா வேணாமான்னு உக்காந்திருந்தேன்” என்றார். “என்ன சொல்லிக் கூப்பிடறது?”

பிறகு பிரிண்டருக்குப் பின்னால் கையை விட்டார். “இதுக்கு ஒயரே வேணாமாம். பெட்டிக்குள்ள வைக்கக்கூட இல்ல. எதுக்கு மேடம்னு கடைக்காரர் கேட்டாரு. இருக்கட்டும், குடுங்கன்னு தனியாக் கேட்டு வாங்கிட்டு வந்தேன்.”

ஒரு முனையை ஏற்கெனவே பிரிண்டரில் செருகி வைத்திருந்தார். சுருளைப் பிரித்து, மடிப்புகளை விரலால் நீவிவிட்டு, மறுமுனையை என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.